ஒரு சப்பாத்தி அளவு குளூட்டன்: சீலியாக் மருந்து ஆய்வுகளில் ‘குணம்’ எப்படி அளக்கப்படுகிறது

காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைந்த தாமிரபரணிக் கரையில், மூன்று வேளையும் அரிசியிலேயே வளர்ந்த குடும்பங்களில்கூட, ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே இரவுச் சாப்பாடு சப்பாத்திக்கு மாறிவிடுகிறது. நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றுக்கு முப்பது கிராம் மாவு என்று கொண்டால், அதற்குள் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஏறத்தாழ மூன்று கிராம். 2021இல் வெளியான ஒரு மருந்து ஆய்வில், சீலியாக் நோயுள்ளவர்களை அவர்களுடைய சம்மதத்தோடு ஆறு வாரம் நாள்தோறும் சாப்பிட வைத்ததும் இதே மூன்று கிராம்தான். நமக்கு எந்தத் தீங்கும் செய்யாத அந்த அளவு அவர்களுடைய சிறுகுடலின் உட்சுவரை அரிக்கும். மருந்து அந்த அரிப்பைத் தடுத்ததா என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எதை அளப்பது, எப்போது அளப்பது, யாருடைய வார்த்தையை நம்புவது என்பதில்தான் இத்துறை இருபது ஆண்டுகளாகத் திணறிக்கொண்டிருக்கிறது.

குளூட்டன் என்றால் என்ன என்பதற்கு எங்கள் ஊரில் விளக்கம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்த பிறகு, கையில் உமியோடு சேர்ந்து ரப்பர் போல இழுபடும் சக்கை ஒன்று மிஞ்சும். அந்த இழுவைக்குக் காரணமான புரதமே குளூட்டன். (பிழிந்த பாலில் அது அறவே இல்லாமல் போய்விடுவதில்லை. எனவே சீலியாக் உள்ளவருக்கு அல்வா ஆகாது.) கோதுமையில் இருப்பது போன்ற புரதங்கள் பார்லியிலும், ரை என்ற தானியத்திலும் உண்டு. ஹெச்எல்ஏ-டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் ஒரு சிலருக்கு, முழுதாகச் செரிக்காத குளூட்டன் துண்டுகளை உடலின் எதிர்ப்புச் செல்கள் பகையாகக் கருதித் தாக்குகின்றன. அந்தச் சண்டையில் அடிபடுவது குளூட்டன் அல்ல, குடல்தான். இந்த மூன்று தானியங்களையும் வாழ்நாள் முழுவதும் விலக்குவது ஒன்றே இன்றுள்ள சிகிச்சை. ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

இது வடக்கத்திக் கோளாறு என்று இங்கே பலர் நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது. 2016இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வில், வயது வந்தோரிடையே இந்நோய் வட இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 8.53 என்றும், வடகிழக்கில் 4.66 என்றும், வேலூர்ப் பகுதியில் ஆய்ந்த தென்னிந்தியர்களிடம் வெறும் 0.11 என்றும் கணக்கிடப்பட்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்களோ மூன்று பகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு மக்களிடம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வேறுபட்டது தட்டுதான்: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கில் அது 25 கிராமாக இருந்தது. இரவுச் சப்பாத்தியும், தென்காசிப் பக்கத்து புரோட்டாக் கடைகளும், சேமியாவும், மால்ட் பானங்களும் பெருகிக்கொண்டே போகும்போது அந்த 25 கிராம் 25 கிராமாகவே நிற்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனாலும் நோய் கண்டறியப்பட்டவர்கள் இங்கே மிகக் குறைவு என்பதால், மருந்து ஆய்வுகள் அநேகமாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடக்கின்றன. அளவுகோல்களும் அந்த மண்ணிலேயே உருவாகின்றன. இந்த விஷயத்துக்குப் பின்னால் மறுபடி வருவேன்.

குணத்தை அளப்பது என்ற சிக்கல் இந்நோயின் வரலாற்றோடு கூடவே பிறந்தது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது சீலியாக் குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நோயில் விழுந்ததையும் தம் ஐயத்துக்குச் சான்றாகக் கண்டார். அந்த ஐயத்தை அறிவியலாக மாற்றியது மலத்தில் வெளியேறும் கொழுப்பைக் கணக்கிடும் முறை ஒன்று. வான் டி காமர் என்ற வேதியியலாளர் உருவாக்கிய அம்முறையைக் கொண்டு, கோதுமை கொடுத்தால் கொழுப்பு ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது என்று அவர்கள் எண்ணிலேயே காட்டினார்கள். குழந்தையின் எடையும் மலத்தின் கொழுப்பும்தான் இந்நோயின் முதல் அளவுகோல்கள். முகம் சுளிக்க வைக்கும் வேலை என்றாலும், கைக்குக் கிடைத்தது எண், அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

1950களின் நடுவில் மார்கோட் ஷைனர் போன்றோர் வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலின் சதைத் துணுக்கை எடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, பார்வை மலத்திலிருந்து குடலுக்கே திரும்பியது. நலமான சிறுகுடலின் உட்சுவர் அறுப்புக்கு முந்தைய வயலைப் போல இருக்கும்: விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும் குடலுறிஞ்சிகள், அவற்றின் அடியில் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் குழிகள். நோய் முற்றும்போது உறிஞ்சிகள் குட்டையாகி, இறுதியில் மழித்தது போலாகின்றன. இழப்பை ஈடுகட்ட அடிக்குழிகளோ ஆழமாகிக்கொண்டே போகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் எண்தான் உறிஞ்சியின் உயரத்தைக் குழியின் ஆழத்தால் வகுத்து வரும் விகிதம். நலமான குடலில் அது மூன்று அல்லது அதற்கு மேல், முழுக்க மழிந்த குடலில் ஒன்றுக்கும் கீழ். மைக்கேல் மார்ஷ் 1992இல் வகுத்த படிநிலைகளும், 1999இல் ஓபர்ஹூபர் அதில் செய்த உட்பிரிவுகளும் மருத்துவமனையில் நோயை அடையாளம் காண நன்றாகவே பயன்படுகின்றன. ஆனால் மருந்து ஆய்வுக்கு அவை கரடுமுரடானவை. ஒருவர் ‘3பி’யிலிருந்து ‘3ஏ’க்கு வந்தார் என்பதைக் காட்டிலும் விகிதம் 1.2இலிருந்து 1.7 ஆயிற்று என்பது நுட்பமானது, கணக்குக்கும் ஏதுவானது. இத்துடன் உட்சுவரின் நூறு செல்களுக்கிடையே எத்தனை எதிர்ப்புச் செல்கள் ஊடுருவி நிற்கின்றன என்ற எண்ணிக்கையும் துணை அளவாகச் சேரும். ஏறத்தாழ 25ஐத் தாண்டினால் அங்கே அழற்சி இருக்கிறது என்று பொருள்.

எண்ணாக வந்துவிட்டதாலேயே அது உறுதியானது என்று எண்ணிவிடக் கூடாது. எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுக்கும் துணுக்கு அரிசிமணியை விடச் சிறியது. அதைத் தாளில் சரியான பக்கம் மேலாக வைத்து, மெழுகில் பதித்து, உறிஞ்சியின் நுனியிலிருந்து அடிவரை ஒரே தளத்தில் வரும்படி நெட்டுக்கு நெட்டாகச் சீவ வேண்டும். சற்றுச் சாய்ந்தால் போதும், வாழைத்தண்டைச் சாய்வாக நறுக்கினால் வட்டம் நீள்வட்டமாவது போல, நலமான உறிஞ்சியும் குட்டையாகத் தெரியும், குழிகள் குறுக்கே வெட்டுண்டு வளையங்களாகத் தெரியும். சேதமும் சுவர் முழுக்க ஒரே சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக இருப்பதுண்டு. அதனால்தான் ஒரே இடத்தில் கிள்ளாமல் நான்கு துணுக்குக்குக் குறையாமல் எடுக்கச் சொல்கிறார்கள். நல்ல ஆய்வுகள், துணுக்குகளை யாருடையவை, மருந்துக்கு முன் எடுத்தவையா பின் எடுத்தவையா என்று தெரியாத நோயியல் வல்லுநரிடம் ஒரே மையத்தில் கொடுத்து அளக்கின்றன. இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் 0.3 என்ற வேறுபாடு மருந்தால் வந்ததா கத்தியால் வந்ததா என்று சொல்ல முடியாது.

நமக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வேலூரில் பேக்கரும் மாத்தனும் பல ஆண்டுகள் செய்த பணியால், எந்த நோயும் இல்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே உறிஞ்சிகள் மேலைநாட்டவருடையதைவிடச் சற்றுக் குட்டையாகவும் அகன்றும் இருப்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. கழிச்சலும் இளைப்பும் உறிஞ்சிச் சிதைவுமாகச் சீலியாக்கை அப்படியே ஒத்திருக்கும் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோயும் நம் பக்கத்தில் பரவலாக இருந்தது. ஆகவே மூன்று என்பதைப் பொதுவான ‘நலம்’ என்று வைத்துக்கொண்டு இங்கே ஓர் ஆய்வு நடத்தினால், தொடக்கக் கோடே தவறான இடத்தில் விழுந்துவிடும்.

இரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிரான அந்த ஐஜிஏ எதிர்ப்பொருள், 1997க்குப் பிறகு நோயைக் கண்டுபிடிப்பதையே மாற்றிவிட்டது. ஆனால் குணத்தை அளப்பதில் அது மந்தமான சாட்சி. கோதுமையை விட்ட பிறகும் இறங்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது, சிறிய அளவுக் கலப்படத்துக்கு அசைவதேயில்லை. குடல் இன்னும் சிதைந்திருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை இரத்தப் பரிசோதனை ‘சரியாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிறது என்பதை 2017இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது.

மீதமிருப்பவர் நோயாளி. அவர் எப்படி உணர்கிறார் என்பதே மருந்தின் உண்மையான பயன் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். உறிஞ்சி நிமிர்ந்துவிட்டது, ஆளுக்கு மட்டும் சுகமில்லை என்றால் அந்த மருந்தால் என்ன ஆயிற்று? எனவே அறிகுறிகளை எண்ணாக்கும் வினாநிரல்கள் எழுந்தன. பழைய இரைப்பை-குடல் வினாநிரலிலிருந்து சீலியாக்குக்குப் பொருந்தும் கேள்விகளைப் பிரித்தெடுத்த ஒன்று, கடந்த ஒரு வாரத்தை நினைவுகூர்ந்து ஏழு படிகளில் மதிப்பிடச் சொல்கிறது. வாரக் கணக்கை நினைவு திரித்துவிடும் என்பதால், பிற்பாடு வந்தவை ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய கழிச்சல், வயிற்றுவலி, உப்புசம், குமட்டல், களைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் நாட்குறிப்பாக மாறின.

இந்த வினாநிரலை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து பாளையங்கோட்டையில் ஒரு நோயாளியின் முன் வைப்பதாகக் கொள்வோம். செவிலியர், “ஆச்சி, நேத்து வயிறு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், “பொருமிக்கிட்டே கெடந்துச்சு தாயி, நைட்டுக்கு ஒண்ணும் எறங்கல” என்று பதில் வரும். பொருமல், உப்புசம், மந்தம், வாயு இவை நான்கும் நம் பேச்சில் தனித்தனிப் பொருள் உடையவை. ஆங்கிலத் தாளிலோ அவற்றுக்கென்று இருப்பது ஒரே ஒரு கட்டம். மாறாக, ‘வயித்தால போகுது’ என்பவர் நாளைக்கு இரண்டு முறை இளகிப் போவதைச் சொல்கிறாரா எட்டு முறை தண்ணீராய்ப் போவதைச் சொல்கிறாரா என்பது கேட்டால்தான் தெரியும். அதனால்தான் இத்தகைய நிரல்களை ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிட்ட பிறகு, நோயாளிகளிடமே உட்கார்ந்து ‘இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவாகப் புரிந்தது’ என்று விசாரிக்கும் படி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசிப் படி சடங்காக நடந்தால், பின்னால் வரும் புள்ளியியல் எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை என்பது என் கருத்து.

மொழியைத் தாண்டியும் ஒரு முடிச்சு இருக்கிறது. அறிகுறியும் உறிஞ்சியும் ஒன்றோடொன்று கைகோத்து நடப்பதில்லை. குடல் மழிந்திருக்க, ஒரு தொந்தரவும் இல்லாமல் இரத்தசோகை மட்டும் உள்ளவர்கள் உண்டு. குடல் நன்றாக ஆறிய பிறகும் வயிறு சரியில்லாதவர்களும் உண்டு, அதற்குச் சீலியாக்கோடு சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ‘இன்று குளூட்டன் சாப்பிடுகிறோம்’ என்ற எண்ணமே வயிற்றைக் கலக்கும் என்பதால், சுவையிலும் தோற்றத்திலும் ஒன்றுபோலவே இருக்கும் வெற்றுப் பொடியைக் கொடுத்து ஒப்பிடாத அறிகுறிக் கணக்கை நம்ப முடியாது.

இந்த அளவுகோல்களை எந்தச் சூழலில் பயன்படுத்துவது என்பதில் இரண்டு வழிகள் பிரிகின்றன. முதல் வழி, கோதுமையை விலக்கி வாழ்ந்தும் முழுக்கத் தேறாதவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது. வாழ்க்கையோடு ஒட்டிய ஆய்வு இதுதான், ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. குளூட்டனைக் குடலுக்குள்ளேயே துண்டாடும் லாடிகுளூட்டனேஸ் என்ற நொதி மருந்தை 494 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், மருந்து உண்டவர்களின் குடலும் அறிகுறிகளும் தேறியிருந்தன. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் அதே அளவு தேறியிருந்தது! ஆய்வில் சேர்ந்துவிட்டோம், மருத்துவர் கவனிக்கிறார், மறுபடி குழாய் விடப்போகிறார் என்றதும் எல்லோருமே உணவில் கண்ணும் கருத்துமாக இருந்துவிட்டார்கள் என்பதே பொதுவான விளக்கம். சிகிச்சை ஏற்கனவே இருக்கும் நோயில், அந்தச் சிகிச்சையை வெற்று மாத்திரைக் குழு தானாகவே கூட்டிக்கொண்டால் மருந்துக்கு வெல்ல இடம் ஏது? அதே தரவைப் பிற்பாடு பிரித்துப் பார்த்தபோது, எதிர்ப்பொருள் இன்னும் உயர்ந்திருந்தவர்களிடம் மட்டும் அறிகுறிகள் குறைந்தது தெரிந்தது. முடிவு தெரிந்த பிறகு கட்டும் பிரிவுகளை ஓர் ஊகமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

நோயாளி அறியாமல் எவ்வளவு குளூட்டன் உள்ளே போகிறது என்பதும் இங்கே முக்கியம். 2020இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், விலக்குணவில் இருந்த 18 பெரியவர்களின் உணவையும் சிறுநீரையும் மலத்தையும் பத்து நாள் சோதித்ததில் 12 பேரிடம் ஒருமுறையேனும் குளூட்டன் தென்பட்டது. செரிக்காத குளூட்டன் துண்டு சிறுநீரில் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் வரையும், மலத்தில் இன்னும் சில நாள் கூடுதலாகவும் பிடிபடும். நம் சமையலில் தேடினால் முதலில் மாட்டுவது கூட்டுப் பெருங்காயம்: கட்டியோ பொடியோ, பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்தே பெரும்பாலும் விற்கிறார்கள். அரிசிச் சோற்றுக்கு ஊற்றும் ரசத்திலும் சாம்பாரிலும் அது இருக்கும்போது, ‘நான் கோதுமையே தொடுவதில்லை’ என்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சிட்டிகை பெரிதா என்று கேட்டால், இத்தாலியில் கட்டாஸியும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உண்டாலே உறிஞ்சி விகிதம் சரிவது தெரியவந்தது. அரை கிராம் மாவில் அவ்வளவு இருக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு உட்பட்டதே ‘குளூட்டன் அற்றது’ என்ற வரம்பு வைத்திருப்பதன் பின்னணி இதுதான்.

இரண்டாம் வழி, நன்றாகத் தேறியவர்களுக்கு வேண்டுமென்றே குளூட்டன் கொடுத்து, மருந்து காக்கிறதா என்று பார்ப்பது. தொடக்கத்தில் சொன்ன 2021 ஆய்வு இந்த வகை. டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியை முடக்கும் ஸெட்.ஈ.டி. 1227 என்ற மாத்திரையை மூன்று வெவ்வேறு அளவுகளில் கொடுத்தார்கள். ஆறு வாரத்துக்குப் பின் வெற்று மாத்திரைக் குழுவின் விகிதம் சராசரியாக 0.61 சரிந்திருக்க, மருந்துக் குழுக்கள் அதைவிட 0.44 முதல் 0.49 வரை மேலாக இருந்தன. நொதி மருந்தான லாடிகுளூட்டனேஸும் நாளுக்கு 2 கிராம் குளூட்டனோடு இதே பாணியில் மறுபடி சோதிக்கப்பட்டு, 2022இல் குடல் காக்கப்பட்டதாக முடிவு வந்தது. முதல் வழியில் தோற்ற மருந்து இரண்டாம் வழியில் தேறியதைக் கவனிக்க வேண்டும். மருந்து மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறியது. புண் விழாமல் காப்பது ஒன்று, விழுந்த புண்ணை ஆற்றுவது வேறு. பெரியவர்களில் விலக்குணவால் குடல் ஆறியவர்கள் இரண்டு ஆண்டில் மூன்றில் ஒருவர், ஐந்து ஆண்டில் மூன்றில் இருவர் என்று 2010இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. அப்படியிருக்க, ஆறு வார ஆய்வு ஒன்று ஆற்றுவதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அறிகுறியை மட்டும் பிரதான அளவாக வைத்தவர்களின் கதையும் சுகமானதல்ல. குடல் செல்களுக்கிடையே உள்ள இடைவெளியை இறுக்கும் லாரசோடைடு, 342 பேர் கலந்துகொண்ட ஆய்வில் மிகக் குறைந்த 0.5 மில்லிகிராம் அளவில் மட்டும் அறிகுறிகளைக் குறைத்தது. அதைவிடக் கூடிய இரண்டு அளவுகள் பயன் தரவில்லை. மூன்றாம் கட்டத்தில் இடைக்கணக்குப் போட்டுப் பார்த்தபோது, வேறுபாட்டை நிரூபிக்கத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை கட்டுக்கு அடங்காது என்று கண்டு 2022இல் நிறுத்திவிட்டார்கள். குளூட்டனுக்குப் பொறுமையை உடலுக்குக் கற்பிக்க முயன்ற நெக்ஸ்வாக்ஸ்2 ஊசியும் இப்படியே 2019இல் நின்றது. ஏஎம்ஜி 714 என்ற எதிர்ப்பொருள் மருந்தோ உறிஞ்சி விகிதம் என்ற பிரதான அளவில் தோற்று, ஊடுருவிய செல்களின் எண்ணிக்கையையும் கழிச்சலையும் குறைத்துத் துணை அளவுகளில் தேறியது. தோற்ற ஆய்வில் துணை அளவு வென்றது என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, பரீட்சையில் கணக்கில் தவறிய பிள்ளை ஓவியத்தில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டுவது நினைவுக்கு வருகிறது. ஓவியமும் பாடம்தான், ஆனால் கேட்டது கணக்கு.

குழாயும் விடாமல், நோயாளியின் சொல்லையும் சாராமல் அளக்க முடியுமா என்ற தேடல் இப்போது இரத்தத்துக்கே திரும்பியிருக்கிறது. ஒரே ஒருமுறை குளூட்டன் உண்ட சில மணி நேரத்துக்குள் இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் பொருள் சீலியாக் உள்ளவர்களின் இரத்தத்தில் குபீரென்று ஏறுகிறது. குளூட்டனை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான்-காமா என்ற இன்னொரு சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும் செல்கள் எத்தனை என்று எண்ணும் முறையைப் பிரதான அளவாக வைத்து நடந்த ஒரு நுண்துகள் மருந்து ஆய்வில், 2021இல், அந்த ஏற்றம் 88 சதவீதம் குறைந்ததாக வெளியிட்டார்கள். முதல் மூன்று நாளும் நாளுக்கு 12 கிராம், பிறகு 11 நாள் 6 கிராம் என்று குளூட்டன் கொடுத்திருந்தார்கள். நம் கணக்கில் நாளுக்கு நான்கு சப்பாத்தி, அப்புறம் இரண்டு. மருந்து தன் இலக்கைத் தொட்டதா என்று சீக்கிரம் சொல்ல இம்முறை அருமையானது, ஆளுக்கு நலமாயிற்றா என்று அது சொல்லாது.

அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், விலக்குணவோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்து நோயாளியின் அறிகுறி, குடலின் திசு ஆகிய இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற பக்கம் நிற்கிறது. காகிதத்தில் அது நியாயமே. நடைமுறையில், இரண்டு அளவும் ஒரே சமயத்தில் அசையும்படி ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தொந்தரவும் இருக்க வேண்டும், குடலும் சிதைந்திருக்க வேண்டும், அந்தத் தொந்தரவு அந்தச் சிதைவாலேயே வந்ததாகவும் இருக்க வேண்டும். இப்படிச் சலித்தால் சல்லடையில் தங்குபவர்கள் கொஞ்சம். அவர்களும் தொடக்கத்தில் ஒருமுறை, இறுதியில் ஒருமுறை என்று வெறும் வயிற்றோடு குழாய் விழுங்கச் சம்மதிக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, வராந்தாவில் தன் பெயரைக் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், இப்போது நன்றாகத்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் ஆய்வுக்காக ஆறு வாரம் நாளுக்கு ஒரு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு மறுபடி வாருங்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை, ஆய்வுத் திட்டம் எழுதுகிறவர்கள் அந்த வராந்தாவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.